காரின் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா? டெல்டா கார் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஒரு பழைய டீசல் கார் என்று வைத்துக்கொள்வோம். திருவாரூர் தாண்டும் வரை எந்தப் பிரச்சனையும் இல்லை. திடீரென்று இன்ஜின் அடங்கிவிடுகிறது. ஓரங்கட்டி மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. டீசல் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. "செகண்ட் கியர்ல போட்டு நாலு பேரு தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும் சார்" என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உதவிக்கு வருகிறார்கள்.

அப்படித் தள்ளினால், மிச்சமிருக்கும் இன்ஜினும் போய்விடலாம். காரணம், உள்ளே அறுந்திருப்பது ஒரு ரப்பர் பட்டை. அதன் பெயர் டைமிங் பெல்ட்.

'இந்தப் பெல்ட்டை மாற்ற எதற்கு மெக்கானிக்குக் கூலி? யூடியூப் பார்த்து நாமே மாற்றிவிடலாமே?' என்ற கேள்வி இப்போது பலருக்கும் வருகிறது. டிராக்டரையும் ஆயில் இன்ஜினையும் சொந்தமாகவே கழற்றி மாட்டிப் பழகிய டெல்டா மாவட்டங்களில் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். இதற்கான பதிலை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- எல்லாக் கார்களிலும் டைமிங் பெல்ட் இல்லை. பல கார்களில் செயின்தான் இருக்கிறது. முதலில் உங்கள் காரில் எது என்று பாருங்கள்.
- பெல்ட் அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வு வளையும். டீசல் கார் என்றால் தப்பிப்பது மிக அரிது.
- கி.மீ. கணக்கு மட்டும் போதாது, வருடக் கணக்கும் முக்கியம்.
- பழைய, சின்னப் பெட்ரோல் கார் என்றால் அனுபவம் உள்ளவர் வீட்டில் முயற்சி செய்யலாம். டீசல் என்றால் வேண்டாம்.
- மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பொறுப்பு முடிந்துவிடாது. கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன.

டைமிங் பெல்ட் என்ன வேலை செய்கிறது?

இன்ஜினின் கீழ்ப்பகுதியில் பிஸ்டன்களை ஏற்றி இறக்குவது கிராங்க் ஷாஃப்ட். மேலே, ஹெட்டில், காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். இந்த இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் பெல்ட்.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். கொஞ்சம்கூட முன்பின் ஆகக் கூடாது. வழுக்காமல் இருப்பதற்காகத்தான் இந்தப் பெல்ட்டின் உட்புறத்தில் பற்கள் இருக்கின்றன. முறை வைத்து மதகு திறப்பது மாதிரிதான் இதுவும். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்ற கணக்கு தப்பினால் ஒரு வயல் மூழ்கும், இன்னொன்று காயும்.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் கேம் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போய்ச் சேரும் ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. அத்தனை முறையும் கணக்கு தப்பாமல் இழுத்துக்கொண்டே இருப்பது ஒரு ரப்பர் பட்டையும், அதற்குள் ஓடும் கண்ணாடி இழை நூல்களும்தான்.

ரப்பர் பெல்ட் கார்களுக்கு வந்தது 1960-களில். ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962-ல் தயாரிக்கத் தொடங்கிய 1004 மாடல்தான் டைமிங் பெல்ட்டோடு பெருமளவில் தயாரான முதல் கார். செயினைவிட விலை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் விட வேண்டியதில்லை என்பதால் மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. குறை ஒன்றுதான். ரப்பருக்கு ஆயுள் உண்டு.

அறுந்தால் என்ன ஆகும்?

பெல்ட் அறுந்ததும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். அந்த நேரத்தில் சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். ஆனால் கார் ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் கிராங்க் ஷாஃப்ட் இன்னும் சுற்றும், பிஸ்டன்கள் மேலே ஏறி வரும். திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும். வால்வு வளையும். மோசமான நேரமாக இருந்தால் வால்வு கைடு உடையும், பிஸ்டனில் குழி விழும், ஹெட்டே வீணாகும்.

சில பெட்ரோல் இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே போதுமான இடம் விட்டிருப்பார்கள். அவற்றில் பெல்ட் அறுந்தாலும் வண்டி நிற்கும், அவ்வளவுதான். புதுப் பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். டீசலில் அந்தச் சலுகை கிடையாது. டீசல் இன்ஜின் காற்றை மிக இறுக்கமாக அழுத்தித்தான் எரிக்கிறது. அதனால் பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் மிகக் குறைவு. அதில் வால்வு நீட்டிக்கொண்டிருந்தால் மோதாமல் இருக்க முடியாது.

அதனால்தான் "பெல்ட்டு போயிருச்சு" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "ஹெட்டை இறக்கணும், லேத்துக்கு அனுப்பணும்" என்று முடிகிறது.

உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா, செயினா?

டெல்டா சாலைகளில் அதிகம் பார்க்கும் சில கார்களின் விவரம் இது. ஒரே பெயரில் வரும் காரில்கூட இன்ஜின் மாறினால் இதுவும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

டைமிங் பெல்ட் உள்ளவை:

- மாருதி 800, ஆம்னி, ஆல்டோ 800
- பழைய மாருதி ஜென், எஸ்டீம்
- 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, அதன் பிறகு வந்த ஐ10-ன் 1.1 லிட்டர் பெட்ரோல்
- டாடா இண்டிகாவின் 1.4 லிட்டர் டீசல்
- டொயோட்டா குவாலிஸ், 2005-ல் வந்த முதல் தலைமுறை இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல்
- ஃபோர்டு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் டீசல்
- ரெனோ டஸ்டர் 1.5 டீசல், ஃபோக்ஸ்வேகன் போலோ டீசல்

செயின் உள்ளவை:

- மாருதி ஸ்விஃப்ட், டிசையரின் 1.2 லிட்டர் பெட்ரோல் மற்றும் 1.3 லிட்டர் டீசல்
- மாருதி வேகன்ஆரில் வந்த கே10 இன்ஜின்
- ஹூண்டாயின் 1.2 லிட்டர் கப்பா பெட்ரோல்
- டொயோட்டா எடியோஸ் டீசல், 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா டீசல்

செயின் என்றால் குறிப்பிட்ட கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கணக்கு பொதுவாக இல்லை. ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் தளரும். அப்போது காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'கரகர'வெனச் சத்தம் வரும்.

ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோலில் இன்னொரு வகை இருக்கிறது. அதில் பெல்ட், இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் ஊறிப் பிய்ந்து, துகள்கள் ஆயில் வழியை அடைக்கும். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் 'ஏதோ ஒரு ஆயில்' ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

எப்போது மாற்ற வேண்டும்?

இதற்கான சரியான பதில் உங்கள் காரின் கையேட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் காரின் கணக்கு உங்கள் காருக்குப் பொருந்தாது. கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கி.மீ., இன்னொன்று வருடம். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது எண்ணில்தான். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்ப்பவர்கள் நிறைய. ஊரில் கார் வாங்கி வைத்திருப்பார்கள். வருடத்தில் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் ஓடும், மற்ற நாட்களில் ஷெட்டில் நிற்கும். பத்து வருடத்தில் 30,000 கி.மீ.கூட ஓடியிருக்காது. "வண்டி புதுசு மாதிரி இருக்கு" என்று தோன்றும். ஆனால் ரப்பர் ஓடாமலே வயதாகும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் இறுகி, விரிசல் விடும். அப்படி நின்ற காரை எடுத்து முதல் நாளே நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுவது ஆபத்தான பழக்கம்.

இன்னும் சில காரணங்களும் பெல்ட்டின் ஆயுளைக் குறைக்கும்.

- கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிந்து பெல்ட் மேல் எண்ணெய் படுவது.
- வாட்டர் பம்ப் கசிவு.
- பெல்ட் கவர் உடைந்தோ போல்ட் இல்லாமலோ இருப்பது. அறுவடைத் தூசியும், மழைக்காலச் சேற்றுத் தண்ணீரும் அந்த வழியாக உள்ளே போகும்.
- நின்ற காரில் எலி புகுந்து கூடு கட்டுவது. வயல் ஓரத்து ஷெட்டுகளில் இது புதிதல்ல. வயரைக் கடிப்பதோடு நிற்காமல் வைக்கோலும் துணியும் கொண்டுவந்து அடைத்து வைக்கும்.

பழைய இன்னோவா வாங்கினால் இதைக் கவனியுங்கள்

கோயில் சுற்றுலா, கல்யாண சவாரி என்று டெல்டாவில் இன்னோவாவுக்கு இன்றும் மதிப்பு உண்டு. பழைய இன்னோவா டீசலின் மீட்டரில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு இருக்கிறது. குறிப்பிட்ட கி.மீ. முடிந்ததும் அது எரியும்.

பலர் நினைப்பது போல, பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. அது கி.மீ.யை எண்ணும் கருவி மட்டுமே. பெல்ட்டை மாற்றியதும் அதை ரீசெட் செய்வார்கள். பெல்ட்டை மாற்றாமலும் ரீசெட் செய்ய முடியும். எனவே விளக்கு எரியவில்லை என்பதை வைத்துப் பெல்ட் புதுசு என்று முடிவு செய்யக் கூடாது.

பழைய கார் வாங்கும்போது பெல்ட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

'டிராக்டரையே பிரிக்கிறோம், கார் என்ன பெரிய விஷயம்?'

டெல்டாவில் பலருக்கும் இன்ஜின் அந்நியமான பொருள் இல்லை. குறுவைக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் ஆயில் இன்ஜின் மக்கர் செய்தால் மெக்கானிக் வரும் வரை காத்திருக்க முடியாது. நாசிலைக் கழற்றிப் பார்ப்பது, ஏர் எடுப்பது, வாஷர் மாற்றுவது எல்லாம் வயல் வரப்பிலேயே நடக்கும்.

அந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்து. ஆனால் இந்த ஒரு வேலையில் அது கொஞ்சம் ஏமாற்றிவிடும். பெரும்பாலான டிராக்டர்களிலும், பம்ப்செட் டீசல் இன்ஜின்களிலும் கிராங்க்கையும் கேமையும் இணைப்பது இரும்புப் பல் சக்கரங்கள், அதாவது டைமிங் கியர். அது அறுந்து போகாது, தானாக நழுவாது, பல வருடங்களுக்கு அதைத் தொடவே வேண்டியதில்லை. அதனால் 'டைமிங்' என்ற வேலையே பலரின் கைக்கு வந்திருக்காது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டிராக்டரில் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது, புகையும், கசியும். கழற்றி மறுபடி மாட்டலாம். டைமிங் பெல்ட்டில் தப்பு செய்துவிட்டு சாவியைத் திருப்பினால், அந்த முதல் வினாடியிலேயே வால்வு வளைந்துவிடலாம். தப்பைத் திருத்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காத வேலை இது.

வீட்டில் செய்தால் என்னென்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு இன்ஜினுக்கும் முறை மாறும். அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது. பொதுவான வரிசை இது:

1. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும்.
2. பெல்ட் இருக்கும் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பதும் உயிருக்கு ஆபத்து.
3. சின்னக் கார்களில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். பெல்ட்டுக்கும் பாடிக்கும் இடையே கை நுழையும் அளவுதான் இடம் இருக்கும். பல மாடல்களில் இன்ஜினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கி, ஒரு மவுண்ட்டைக் கழற்றினால்தான் பெல்ட் வெளியே வரும்.
4. ஏசி, ஆல்டர்னேட்டர் பெல்ட்டுகளை எடுத்து, கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்ற வேண்டும். வீட்டில் தொடங்கும் பல வேலைகள் நின்றுபோவது இங்கேதான். அந்த போல்ட் அவ்வளவு இறுக்கமாக இருக்கும்.
5. கவரை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் சுற்றி, கிராங்க், கேம் இரண்டின் மார்க்கும் மேனுவல் சொல்லும் இடத்தில் நேராக வரும்படி நிறுத்த வேண்டும். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.
6. டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றவே கூடாது.
7. புது டென்ஷனர், ஐட்லர் மாட்டி, பெல்ட்டைத் தொய்வில்லாமல் போட்டு, மேனுவல் சொல்லும் முறையில் டென்ஷன் கொடுக்க வேண்டும். பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றவும் கூடாது.
8. கடைசியாக, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் மறுபடி அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது முட்டினால் பலம் கொடுக்கக் கூடாது. அது வால்வும் பிஸ்டனும் தொடும் இடமாக இருக்கலாம்.

இந்த எட்டாவது படிதான் முழு வேலைக்கும் காப்பு. கையால் சுற்றும்போது முட்டினால் சேதம் இல்லை, அவிழ்த்துச் சரிசெய்யலாம். அதைச் செய்யாமல் 'ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே' என்று சாவியைத் திருப்புவதில்தான் ஆயிரத்தில் முடியும் வேலை பல ஆயிரம் ஆகிறது.

ஒரு பல் தள்ளி மாட்டினால்?

ஒரு பல் மட்டும் தப்பினால் பல இன்ஜின்கள் ஓடத்தான் செய்யும். ஆனால் ஐட்லிங்கில் உதறும், இழுவை குறையும், மைலேஜ் போகும், செக் இன்ஜின் விளக்கு எரியலாம். பெல்ட்டில்தான் தப்பு என்று தெரியாமல் பிளக், சென்சார், ஃபில்டர் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். பல பற்கள் தப்பினால், அறுந்த பெல்ட்டுக்கு என்ன நடக்குமோ அதேதான்.

டஸ்டர், போலோ போன்ற டீசல் கார்களில் இன்ஜினை அசையாமல் பிடித்துவைக்கத் தனி லாக்கிங் பின்கள் வேண்டும். 'பெயிண்டால் மார்க் போட்டுக்கிட்டா போதும்' என்ற குறுக்குவழி அங்கே ஆபத்து. டஸ்டர் டீசலில் டீசல் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

வீட்டிலேயே செய்தாலும் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் வாங்கித்தான் ஆக வேண்டும். மிச்சமாவது கூலி மட்டும்தான்.

கணக்குக்காகக் கூலி 3,000 ரூபாய் என்று வைப்போம். வீட்டில் இல்லாத டார்க் ரென்ச், இரண்டு ஸ்டாண்டு, நல்ல பாக்ஸ் ஸ்பானர் செட், புல்லி கழற்றும் கருவி ஆகியவற்றைப் புதிதாக வாங்கினால் அந்த 3,000 அங்கேயே போய்விடும். ஆயில், பிரேக் பேட் என்று மற்ற வேலைகளுக்கும் அந்தச் சாமான் பயன்படும் என்றால் நஷ்டமில்லை. ஆனால் டைமிங் பெல்ட் சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் வேலை. அதற்காக மட்டும் வாங்கினால் லாபமில்லை.

நேரமும் ஒரு கணக்கு. பழகிய மெக்கானிக் சின்னப் பெட்ரோல் காரை அரை நாளில் முடிப்பார். முதல்முறை செய்பவருக்கு சனி, ஞாயிறு இரண்டும் போகும். டாக்சி ஓட்டுபவர் என்றால் இரண்டு நாள் சவாரியும் போகும்.

கடைசியாக ரிஸ்க். தப்பு நடந்தால் ஹெட் இறக்கி, வால்வுகள் வாங்கி, லேத் வேலை பார்த்து, கேஸ்கெட் மாற்றி முடிக்கும் செலவு, மிச்சம் பிடித்த கூலியைப் போலப் பல மடங்கு. இன்ஷூரன்ஸ் வரும் என்றும் நம்ப வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது.

மெக்கானிக்கிடம் விட்டால் என்ன கேட்க வேண்டும்?

பெல்ட் கவருக்குள் நடக்கும் வேலை வெளியே தெரியாது. மாற்றினார்களா, எதை மாற்றினார்கள் என்பதைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல மெக்கானிக் தானாகவே காட்டுவார்.

- "அண்ணே, பெல்ட் மட்டுமா, செட்டா மாத்துறீங்களா?" டென்ஷனர், ஐட்லர் பேரிங்கும் பெல்ட் அளவுக்கே ஓடியவை. பழைய பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் சேர்ந்து போகும்.
- "வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டுலதான் ஓடுதா?" ஆம் என்றால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது. பின்னாளில் பம்ப் கசிந்தால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.
- "ஆயில் சீல் கசிவு இருக்கா?" கவர் திறந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.
- "பழைய சாமானையும் புது டப்பாவையும் கொடுங்க." பார்ட் நம்பர் தெரியும், போலி சாமானா என்றும் பார்க்கலாம்.
- "பில்லுல தேதியும் கி.மீ.யும் எழுதிக் கொடுங்க." அடுத்த முறை எப்போது என்பதற்கும், கார் விற்கும்போதும் இதுதான் ஆதாரம்.

இன்ஜின் இருக்கும் பகுதியில் தேதி, கி.மீ. எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வதும் நல்ல பழக்கம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளிப் பட்டறையா?

வாரண்டி முடியாத கார் என்றால் கம்பெனி சென்டர்தான் பாதுகாப்பு. வாரண்டி முடிந்த கார் என்றால், அந்த மாடலில் இதே வேலையைப் பலமுறை செய்த வெளி மெக்கானிக்கும் நல்ல தேர்வுதான். பலகையில் இருக்கும் பெயரைவிட, அந்த இன்ஜினுக்கான கருவியும் அனுபவமும் இருக்கிறதா என்பதே முக்கியம்.

வெளி மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் சாமானும் கருவியும் கிடைப்பது ஒரு காலத்தில் கஷ்டமாக இருந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் இதற்காகவே 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் இருக்கின்றன.

வேலை தப்பினால் எங்கே போவது?

பெல்ட் மாற்றிய சில நாட்களிலேயே அறுந்தாலோ, மாற்றாமலே பில் போட்டிருந்தாலோ, காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்யலாம்.

- முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.
- தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிரச்சனை நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் பில் வேண்டும். 'பில் வேணாம், கொஞ்சம் குறைச்சுக்குங்க' என்று அன்று மிச்சம் பிடித்தால், இன்று கையில் ஆதாரம் இருக்காது. வீட்டில் நாமே செய்த வேலை தப்பினால் கேட்க ஆளே இல்லை.

வழியில் அறுந்தால் என்ன செய்ய வேண்டும்?

- ஓடும் வண்டி சட்டென்று அணைந்து, ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் பெல்ட் மேல் சந்தேகம் வர வேண்டும்.
- மறுபடி மறுபடி சாவியைத் திருப்ப வேண்டாம்.
- கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே கூடாது. நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம், தவறில்லை.
- இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனமாகும். பதறாமல், பிரேக்கை நன்றாக அழுத்தி ஓரங்கட்டுங்கள்.
- கயிறு கட்டி இழுப்பதைவிட, தூக்கி வைத்துக் கொண்டுபோகும் ரெக்கவரி வண்டியை வரவழைப்பது நல்லது.

அப்போ, யார் வீட்டில் செய்யலாம்?

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் முயற்சி செய்யலாம்:

- பழைய, சின்னப் பெட்ரோல் கார், மார்க்குகள் வெளியே தெரியும் இன்ஜின்.
- அந்த இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல், டார்க் ரென்ச், ஸ்டாண்டு எல்லாம் கையில் இருக்கின்றன.
- இதே வேலையை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்த்தவர் அல்லது செய்தவர் கூட இருக்கிறார்.
- இரண்டு நாள் வண்டி இல்லாமல் சமாளிக்க முடியும்.

ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மெக்கானிக்கிடம் விடுங்கள். டீசல் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. ஆயில், ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி, பிளக் எல்லாம் கற்றுக்கொள்ள ஏற்றவை, தப்பினாலும் திருத்தலாம். மேல் கவரைச் சுலபமாகக் கழற்ற முடிந்தால், டார்ச் அடித்து பெல்ட்டில் விரிசலோ எண்ணெயோ இருக்கிறதா என்று பார்ப்பதும் வீட்டில் செய்யக்கூடியதே. ஆனால் விரிசல் தெரியவில்லை என்பதற்காகக் காலம் கடந்த பெல்ட்டை விட்டுவைக்கக் கூடாது. பல பெல்ட்டுகள் வெளியே நன்றாகத் தெரியும்போதே அறுந்திருக்கின்றன.

இந்த வேலையில் கொடுக்கும் கூலி, கழற்றி மாட்டுவதற்கு மட்டும் இல்லை. 'மார்க் சரியா இருக்கு, இனி சாவியைத் திருப்பலாம்' என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்வதற்கும் சேர்த்துத்தான். இன்று உங்கள் கார் கையேட்டை எடுத்து அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். கடைசியாக மாற்றிய பில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன்னால் பட்டறைக்குப் போவதுதான் நல்லது.